முதிய பூனைக்கு ஒரே நேரத்தில் மூன்று நோய்கள்: ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் இன்னொன்று ஏன் தலைகாட்டுகிறது?

13 வயதுப் பூனை ஒன்று நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு அதிகம். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4, சிறுநீரகத்தில் கோளாறு இல்லை என்றே தோன்றுகிறது. மாத்திரை தொடங்கி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் தைராய்டு கட்டுக்குள் வந்திருக்கிறது, கிரியாட்டினின் மட்டும் 2.5-க்கு ஏறியிருக்கிறது. "மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது" என்று முடிவு கட்டி மருந்தை நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். பெரும்பாலும் அது தவறான முடிவு. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகித்தான் இருந்தது. தைராய்டு அதை மறைத்து வைத்திருந்தது.

வயதான பூனையைப் பராமரிப்பதில் வரும் குழப்பங்களில் பாதி இந்த வகைதான். சிறுநீரகம், தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு ஆகியவை தனித்தனியாக வருவதில்லை. தலையை மூடினால் கால் தெரிகிற சின்னப் போர்வை போல, ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று வெளியே வரும். எது எதை மறைக்கிறது, எது எதைக் கெடுக்கிறது என்பது தெரிந்தால் அறிக்கையில் உள்ள எண்களைப் பார்த்துப் பதறத் தேவையிருக்காது.

முதுமை எப்போது தொடங்குகிறது

பூனை மருத்துவர்களின் வகைப்பாட்டில் 7 முதல் 10 வயது வரை நடுவயது. 10-ஐத் தாண்டினால் முதுமை. 10 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் நான்கும் பார்ப்பது நல்லது. நான்காவதுதான் அதிகம் விட்டுப்போகிறது.

"வயசாயிடுச்சு, அதான் மெலியுது" என்ற பேச்சை ஏற்கக் கூடாது. முதுமை மட்டுமே காரணமாக ஒரு பூனை வேகமாக எடை குறைவது அரிது. நாள்பட்ட சிறுநீரக நோயில், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடுகிறது. 4 கிலோ பூனை 200 கிராம் இழந்தால் அது 5 சதவீதம். கையால் தூக்கிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. 10 கிராம் வரை காட்டும் குழந்தை எடைக் கருவியில் தெரியும்.

சிறுநீரக எண்களை எப்படி வாசிப்பது

சிறுநீரகத்தில் லட்சக்கணக்கான நுண்வடிகட்டிகள் உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மிச்சமிருப்பவை கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. அறிக்கையில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. கிரியாட்டினின். இது தசையிலிருந்து வரும் கழிவு. வடிகட்டும் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே வழக்கமான அளவைத் தாண்டும். தசை கரைந்த பூனையில் கழிவே குறைவாக உண்டாகும். அதனால் எலும்பும் தோலுமாக இருக்கும் பூனையின் கிரியாட்டினின் உண்மை நிலையைவிட நன்றாகத் தோன்றும்.

2. எஸ்டிஎம்ஏ. இதுவும் சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுதான். தசையைச் சார்ந்ததல்ல, கிரியாட்டினினைவிட முன்பே உயரும். 14-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் கவனிக்க வேண்டும்.

3. சிறுநீரின் ஒப்படர்த்தி. சிறுநீர் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதன் அளவு. பாலைவன மூதாதையரிடமிருந்து வந்த பூனைக்குச் செறிவான சிறுநீர்தான் இயல்பு. 1.035-க்குக் கீழே மறுபடி மறுபடி வந்தால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் தவிக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

4. சிறுநீரில் புரதம். புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.4-க்கு மேல் போனால் தனி மருந்து தேவைப்படலாம்.

சிறுநீரக நோய் ஆய்வுக்கான பன்னாட்டுக் குழுவான ஐரிஸ், கிரியாட்டினினை வைத்து நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: 1.6-க்குக் கீழ் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. பூனை நீரிழப்பில் இல்லாத நேரத்தில், உடல்நிலை சீராக இருக்கும்போது எடுத்த எண்ணுக்குத்தான் இந்த அட்டவணை செல்லும். இரண்டு நாள் வாந்தி எடுத்த பூனையின் 3.4 என்ற எண்ணைப் பார்த்து "மூன்றாம் நிலை" என்று மனம் உடையக் கூடாது. நீர் ஏற்றித் தேறிய பிறகு அதே பூனை 2.2 காட்டலாம்.

இரண்டாம் நிலையில் கண்டறியப்பட்ட பூனைகள் பல ஆண்டுகள் வாழ்வது சாதாரணம்.

தைராய்டு செய்யும் மறைப்பு

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, பெரும்பாலும் புற்றில்லாத கட்டியால், அதிகமாகச் சுரக்கத் தொடங்குகிறது. பசி கூடும், எடை குறையும், இதயம் வேகமாகத் துடிக்கும், பூனை இரவில் கத்தும், வாந்தி வரும். "இந்த வயதிலும் என்ன சுறுசுறுப்பு!" என்று வீட்டார் சந்தோஷப்படுவதும் உண்டு.

இந்த நோய் சிறுநீரகத்தை இரண்டு வழியில் மறைக்கிறது. இதயம் வேகமாக அடிப்பதால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடி, மிச்சமிருக்கும் வடிகட்டிகள் வலுக்கட்டாயமாக வேகமாக ஓடுகின்றன. அதே நேரத்தில் தசை கரைவதால் கிரியாட்டினின் உற்பத்தியே குறைகிறது. இரண்டும் சேர்ந்து எண்ணை அழகாகக் காட்டுகின்றன. மருந்து கொடுத்ததும் ரத்த ஓட்டம் இயல்புக்கு வருகிறது, உண்மை நிலை தெரிகிறது.

அப்படியானால் தைராய்டைச் சற்று அதிகமாகவே விட்டுவைத்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். கூடாது. கட்டாயமாக வேகமாக ஓடும் வடிகட்டிகள் சீக்கிரம் அழியும்; ரத்த அழுத்தமும் இதயச் சுவரும் பாதிக்கப்படும். எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. மருந்து அதிகமாகி தைராய்டு அளவுக்குக் கீழே போய்விட்டால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்து கிரியாட்டினின் தேவையில்லாமல் ஏறும். முதலில் சொன்ன பூனையில் 2.5 வந்தபோது செய்ய வேண்டிய முதல் வேலை, தைராய்டு ஹார்மோனான டி4 எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது. இயல்பின் அடிமட்டத்துக்கும் கீழே இருந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும். சரியான அளவில் இருந்தால் மருந்து தொடர வேண்டும். சிறுநீரகத்துக்கு உரிய கவனிப்பைத் தனியே தொடங்க வேண்டும்.

சிகிச்சை நான்கு வகை: மெத்திமசோல் மருந்து, கதிரியக்க அயோடின், அறுவைச் சிகிச்சை, அயோடின் குறைத்த உணவு. கடைசி வழியில் பூனை வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. பல பூனைகள் உள்ள வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. கதிரியக்க அயோடின் பெரும்பாலான பூனைகளை ஒரே ஊசியில் குணமாக்குகிறது. ஆனால் அதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் முதலில் சில வாரம் மாத்திரையில் வைத்து, மறைந்திருக்கும் சிறுநீரக நோய் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது பல மருத்துவர்களின் வழக்கம்.

மெத்திமசோல் வழக்கமாக 1.25 முதல் 2.5 மி.கி. வரை, நாளைக்கு இரண்டு வேளை என்று தொடங்கும். 2 முதல் 4 வாரத்தில் டி4, சிறுநீரக எண்கள், ரத்த அணுக்கள் பார்க்க வேண்டும். மோசமான பக்கவிளைவுகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் வரும்: முகத்தையும் கழுத்தையும் ரத்தம் வர சொறிவது, மஞ்சள் காமாலை, வெள்ளணுக்கள் சரிவது. முகச் சொறிச்சல் வந்தால் அளவைக் குறைத்துப் பயனில்லை, மருந்தையே மாற்ற வேண்டும். காதின் உள்மடலில் தடவும் களிம்பாகவும் இது கிடைக்கிறது. கையுறை இல்லாமல் தடவினால் தடவுகிறவர் உடலிலும் மருந்து ஏறும்.

ரத்த அழுத்தம்: எச்சரிக்காமல் கண்ணைப் பறிக்கும்

சிறுநீரக நோய், தைராய்டு இரண்டுமே ரத்த அழுத்தத்தைக் கூட்டும். 160-க்கு மேல் உயர் அழுத்தம். 180-ஐத் தொட்டால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் நான்கும் உடனடி ஆபத்தில். விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போகலாம். கருமணிகள் இரண்டும் பெரிதாக விரிந்து, வெளிச்சத்திலும் சுருங்காமல், பூனை சுவரில் முட்டிக்கொண்டு நடந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடனே அழுத்தம் குறைக்கப்பட்டால் ஓரளவு பார்வை திரும்ப வாய்ப்புண்டு.

வழக்கமான மருந்து அம்லோடிபின், ஒரு பூனைக்கு நாளைக்கு 0.625 மி.கி. என்று தொடங்கும். மனிதர்களுக்கான 5 மி.கி. மாத்திரையில் இது எட்டில் ஒரு பங்கு. சமையலறைக் கத்தியால் எட்டாக வெட்டினால் ஒரு துண்டு பொடியாகும், இன்னொன்று இருமடங்காகும். 2.5 மி.கி. மாத்திரை வாங்கி, மாத்திரை வெட்டும் கருவியால் நான்காக்குவது பாதுகாப்பானது. தைராய்டு சரியான பிறகு ரத்த அழுத்தம் புதிதாக ஏறுவதும் உண்டு. அதனால் முதல் பரிசோதனையில் 140 இருந்ததே என்று விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை நோய்: சிரிஞ்சில் நடக்கும் விபத்து

பூனையின் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகையை ஒத்தது. உடல் பருமனும் ஸ்டீராய்டு மருந்துகளும் தூண்டுகோல். ஆரம்பத்திலேயே நல்ல கட்டுப்பாடும் மாவுச்சத்து குறைந்த ஈர உணவும் கிடைத்தால் இன்சுலினே தேவையில்லாத நிலைக்குச் சில பூனைகள் திரும்புகின்றன. அதனால்தான் மருந்தளவு மாறாவிட்டாலும் கவனிப்பை நிறுத்தக் கூடாது: தேவை குறைந்த பிறகும் பழைய அளவு போட்டால் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரும்.

அடிக்கடி நடக்கும், முழுக்கத் தவிர்க்கக்கூடிய விபத்து ஒன்று உண்டு. இன்சுலின் இரண்டு செறிவுகளில் வருகிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. அவற்றுக்கான சிரிஞ்சுகளும் வேறு வேறு.

1. 40 யூனிட் இன்சுலினை 100-க்கான சிரிஞ்சில் "2" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.8 யூனிட். பூனைக்குச் சர்க்கரை இறங்காது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று அளவை ஏற்றுவார்கள்.

2. 100 யூனிட் இன்சுலினை 40-க்கான சிரிஞ்சில் "2" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். சிறிய பூனைக்கு இது உயிராபத்து.

புட்டியிலும் சிரிஞ்சிலும் உள்ள எண் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் "இன்சுலின் சிரிஞ்ச்" என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது.

ஊசிக்கு முன் பூனை சாப்பிட்டதா என்று பார்ப்பது இரண்டாவது விதி. சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் போடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். பாதிதான் சாப்பிட்டால் எவ்வளவு போடுவது என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை தெரிந்தால் தேன் அல்லது சர்க்கரைப் பாகை ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மயங்கிய பூனையின் வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். தடவ மட்டுமே செய்ய வேண்டும்.

மருத்துவமனையில் பயத்தாலேயே பூனையின் சர்க்கரை 300 வரை ஏறிவிடும். இதனால் கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனை கேட்கப்படுகிறது. இங்கும் தைராய்டு குறுக்கே வருகிறது. தைராய்டு அதிகமுள்ள பூனையில் புரதங்கள் வேகமாகச் சிதைவதால் ஃபிரக்டோசமைன் பொய்யாகக் குறைந்து காட்டும். வீட்டில் காது ஓரத்தில் குத்தி எடுக்கும் அளவுகளே இத்தகைய பூனைக்கு நம்பகமானவை. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் போக்குள்ளது. எப்போதும் ஒரே கருவியைப் பயன்படுத்தி அதன் போக்கைப் புரிந்துகொள்வது நல்லது.

வாய்வழி மருந்துகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022-இலும் வெலாகிளிஃப்ளோசின் 2023-இலும் ஒப்புதல் பெற்றன. ஊசிக்குப் பயப்படுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஏற்கெனவே இன்சுலினில் இருந்த பூனைக்கும், சாப்பிடாமல் சோர்ந்திருக்கும் பூனைக்கும் இவை ஏற்றவையல்ல. சர்க்கரை அளவு சரியாகவே இருந்தாலும், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருளான கீட்டோன்கள் பெருகி உயிருக்கு ஆபத்து வரும்.

மூட்டு வலி

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய பூனைகளில் 90 சதவீதத்துக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டாது. மேலே தாவுவதை நிறுத்திவிடும். முதுகின் பின்பகுதியை நக்க முடியாமல் மயிர் சிக்கடையும். நகங்கள் தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தும். மணல் தட்டின் விளிம்பைத் தாண்டச் சிரமப்பட்டு அதன் பக்கத்திலேயே சிறுநீர் கழிக்கும். கடைசியை அடம் என்று நினைத்துத் திட்டுகிறவர்கள் தட்டின் ஒரு பக்கத்தை 7 செ.மீ. உயரத்துக்கு வெட்டிக் கொடுத்துப் பார்க்கலாம்.

மெலாக்சிகம் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. சில நாடுகளில் மிகக் குறைந்த அளவில் நீண்டகாலம் தர அனுமதி உண்டு. அமெரிக்காவில் திரும்பத் திரும்பத் தந்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டே வருகிறது. மாதம் ஒருமுறை போடும் ஃபுரூனெவெட்மாப் ஊசி இந்தப் பாதையில் வேலை செய்வதில்லை என்பதால் சிறுநீரகம் பழுதான பூனைக்கு இதையே பலர் முதலில் யோசிக்கிறார்கள். கபாபென்டினும் உதவும், ஆனால் அது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் அளவு குறைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பூனை குடித்தது போலத் தள்ளாடும்.

பாராசிட்டமால் எக்காரணத்துக்கும் கூடாது. அதை முறித்து வெளியேற்றும் வேதிவழி பூனைக்கு மிகப் பலவீனம். ஒரே மாத்திரை கொல்லும்.

உணவில் யார் சொல்வதைக் கேட்பது

சிறுநீரகத்துக்கு பாஸ்பரஸ் குறைந்த உணவு. சர்க்கரைக்கு மாவுச்சத்து குறைந்த, புரதம் நிறைந்த உணவு. தைராய்டுக்கு அதிக கலோரி. மூன்றும் ஒரே கிண்ணத்தில் சேராது. முன்னுரிமை இந்த வரிசையில் இருந்தால் பெரும்பாலும் தவறு நடக்காது.

1. சாப்பிட வேண்டும். எந்த உணவும், உணவே இல்லாததைவிட மேல். 4 கிலோ பூனைக்கு ஓய்வு நிலையில் ஏறத்தாழ 200 கலோரி தேவை. பூனை, குறிப்பாகக் குண்டுப் பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து செயலிழக்கும். நோயுள்ள பூனை 24 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

2. நீர் உள்ளே போக வேண்டும். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். ஈர உணவில் வெந்நீர் ஒரு தேக்கரண்டி கலந்தால் மணமும் எழும், நீரும் சேரும்.

3. பாஸ்பரஸ் குறைய வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு இரண்டாம் நிலையில் 4.6-க்குக் கீழ், மூன்றாம் நிலையில் 5.0-க்குக் கீழ் என்பது இலக்கு. சிறுநீரக உணவை ஏற்காத பூனைக்கு பாஸ்பேட் பிணைப்பான் தூளை வழக்கமான உணவில் கலக்கலாம். இது குடலில் உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் பொருள். வெறும் வயிற்றில் தனியாகத் தந்தால் பயனில்லை.

4. மாவுச்சத்து. சிறுநீரக நோய் லேசாக இருந்தால் மாவுச்சத்து குறைந்த ஈர உணவோடு பிணைப்பான் சேர்க்கலாம். சிறுநீரகம் மூன்றாம் நிலைக்குப் போய்விட்டால் சிறுநீரக உணவே முன்னுக்கு வரும். இன்சுலினை அதற்கேற்ப மாற்றுவார்கள்.

சிறுநீரக உணவுக்கு மாற்றுவதில் பலர் செய்யும் தவறு அவசரம். குமட்டலில் இருக்கும் பூனைக்குப் புதிய உணவை வைத்தால், குமட்டலையும் அந்த மணத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு அதை வாழ்நாள் முழுக்க ஒதுக்கிவிடும். முதலில் குமட்டல் தீர வேண்டும், பிறகு மூன்று நான்கு வாரத்தில் மெல்ல மெல்லக் கலந்து மாற்ற வேண்டும். உணவின் பக்கத்தில் வந்து முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனால் அது குமட்டல், பசியின்மை வேறு. மரோபிட்டன்ட் வாந்தியைத் தடுக்கும், மிர்டாசபின் பசியைத் தூண்டும். பின்னது அளவு மீறினால் பூனை இரவு முழுக்கக் கத்திக்கொண்டு அலையும். பசியைத் தூண்ட இறைச்சிச் சாறு தரலாம், ஆனால் வெங்காயம், பூண்டு இரண்டும் அதில் துளியும் இருக்கக் கூடாது. அவை சிவப்பணுக்களை உடைக்கும்.

கழுத்தின் பக்கவாட்டில் பொருத்தும், உணவு செலுத்தும் குழாயைப் பார்த்தாலே மிரள்பவர்கள் அதிகம். கடைசிக் கட்டம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் உணவு, தண்ணீர், மருந்து எல்லாமே போராட்டமில்லாமல் அதன் வழியே போகும். பூனை குழாயோடே வாயாலும் சாப்பிடும். தாமதமாகப் பொருத்தப்படுவதுதான் அதன் கெட்ட பெயருக்குக் காரணம்.

தோலுக்கடியில் நீர் ஏற்றுவது

மூன்றாம் நிலையில் பல பூனைகளுக்கு வீட்டிலேயே ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றச் சொல்வார்கள், ஒரு முறைக்குப் பொதுவாக 75 முதல் 150 மி.லி. வரை.

1. பையை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவரவும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பகுதி மட்டும் கொதிக்கும், தோலடியில் புண்ணாகும். திரவம் கலங்கியிருந்தால் பையைத் தூக்கி எறியவும்.

2. பையை ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் மாட்டவும். குழாயில் உள்ள காற்றை வெளியேற்றவும். தோலடியில் சிறிது காற்று போனாலும் ஆபத்தில்லை.

3. 18 அல்லது 20 கேஜ் ஊசி, ஒவ்வொரு முறையும் புதியது. மெல்லிய ஊசி வலிக்காது என்று 23 கேஜ் எடுத்தால் நேரம் பல மடங்காகும், பூனை பொறுமை இழக்கும்.

4. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி, சாய்வாக வெட்டப்பட்ட முனை மேலே பார்க்க, முதுகுக்கு இணையாக ஊசியைச் செலுத்தவும். மயிர் நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

5. முடிந்ததும் ஊசி இடத்தை ஒரு நிமிடம் விரலால் பிடித்திருக்கவும். சில துளிகள் இளஞ்சிவப்பாக வழிவது சகஜம்.

வீக்கம் ஒரு முன்னங்காலுக்கு இறங்கும். சில மணி நேரத்தில் கரையும். அடுத்த நாளும் கரையாமல் இருந்தால் மேலும் ஏற்றக் கூடாது. இதய நோய் ஒளிந்திருக்கும் பூனைக்கு இந்த நீரே நுரையீரலில் தேங்கும். அதைக் கண்டுபிடிக்கும் கருவி கைக்கடிகாரம்தான். ஆழ்ந்து தூங்கும் பூனையின் மார்பு 30 விநாடியில் எத்தனை முறை உயர்கிறது என்று எண்ணி இரண்டால் பெருக்கவும். 30-க்குக் கீழ் இயல்பு. தொடர்ந்து அதைத் தாண்டினால் நீர் ஏற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மலச்சிக்கலும் பொட்டாசியமும்

இரண்டும் சிறுநீரக நோயின் பின்விளைவு, இரண்டும் கவனிக்கப்படாமல் போகின்றன. பொட்டாசியம் குறைந்தால் கழுத்துத் தசை சோர்ந்து, தாடை மார்பில் படுமளவு தலை தொங்கும். நீர் பற்றாத உடலில் மலம் கல்லாகும். லாக்டுலோஸ் வழக்கமான மருந்து. கடையில் மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமாவைப் பூனைக்குத் தரவே கூடாது, பாஸ்பரஸ் ரத்தத்தில் பாய்ந்து மணிக்கணக்கில் உயிர் போகும். தட்டில் முக்குவதெல்லாம் மலச்சிக்கலும் இல்லை. ஆண் பூனை முக்கியும் ஒரு சொட்டு சிறுநீர் வரவில்லை என்றால் அடைப்பு, அது அவசரம்.

மாத்திரைகள்

உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் நிமிடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். டாக்சிசைக்ளின் போன்றவை அங்கேயே புண்ணாக்கி உணவுக்குழாயைச் சுருக்கிவிடும். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னும் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீர், அல்லது ஒரு வாய் ஈர உணவு. பிணைப்பான் தூளோடு சேர்த்து மற்ற மருந்துகளைத் தரக்கூடாது. அவற்றையும் அது பிடித்துவைத்துவிடும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

என்ன குறித்து வைப்பது

வாரம் ஒருமுறை எடை, அதே கருவியில், அதே நேரத்தில். வாரம் இருமுறை தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை. தினமும் சாப்பிட்ட அளவு, வாந்தி, மலம், மணலில் விழும் சிறுநீர்க் கட்டிகளின் எண்ணிக்கையும் பருமனும். கட்டிகள் திடீரெனப் பெரிதானால் சர்க்கரையோ சிறுநீரகமோ நகர்கிறது. சிறிதாகி எண்ணிக்கை கூடினால் தொற்றை நினைக்க வேண்டும். புதிய மருந்து தொடங்கிய தேதியை அதே தாளில் எழுத வேண்டும். ஒரே நாளில் இரண்டு மருந்தைத் தொடங்கினால் வாந்தி எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அவசரமில்லாதபோது இரண்டுக்கும் இடையே ஒரு வாரம் விடச் சொல்லிக் கேட்கலாம்.

இரவில் கத்துவதை "மறதி நோய்" என்று எழுதி முடித்துவிடும் முன் ரத்த அழுத்தம், தைராய்டு, வலி, பார்வை, செவி ஐந்தையும் பார்த்தாக வேண்டும். பூனைக்கு மறதி நோய் உண்டுதான், ஆனால் மற்றவை இல்லை என்று உறுதியான பிறகே அந்தப் பெயரைச் சூட்டலாம்.

கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் வகுத்த வாழ்க்கைத் தர அளவுகோலில் ஏழு கேள்விகள் உள்ளன: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் 10-க்கு எத்தனை என்று போட்டு, மொத்தம் 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்கிறது. வலி என்ற தலைப்பில் மூச்சுத் திணறலும் அடக்கம். மூச்சுவிடச் சிரமப்படும் பூனைக்கு மற்ற ஆறிலும் நல்ல மதிப்பெண் இருந்து பயனில்லை. வீட்டில் உள்ள இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டால் கணக்கு நேர்மையாக வரும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசுவது என்பதைப் பூனை நன்றாக இருக்கும் ஒரு நாளில் தீர்மானித்து, எடைக் குறிப்பு எழுதும் அதே தாளின் மேலே எழுதி வைத்துக்கொள்ளலாம்.